மூன்றாம் தளத்துக் குழாய்

பவுன்ராஜ் அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் முகலிவாக்கத்தில் மகள் வீட்டு மாடி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் அடுக்குமாடிப் பிள்ளைகள் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு ஏதோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதில் உயரமாக இருந்த பெண் "ஆக்‌ஷன்!" என்று கத்தினாள், மற்றவர்கள் ஆடினார்கள், ஆடி முடித்த பிறகும் அவள் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல் ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை ஆடினார்கள். பவுன்ராஜ் அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, மெதுவாக இறக்கித் தொடைமேல் வைத்தார். கீழே யாரும் அதைப் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தணி, தண்ணி வருதா?"

"வருதுண்ணே."

"அப்ப சரி" என்று சொல்லி உரித்த கடலையில் பாதியை என் கையில் கொட்டினார். பதினோரு நாள் கழித்து இறந்துபோனார்.

அந்தத் தண்ணீர் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் வந்தது. மழை இரண்டு வருஷமாக ஊரை மறந்திருந்தது, ஏரியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், எங்கள் தோட்டக்காரன் தெருவில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கெல்லாம் புகைதான் வந்தது, லாரித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் லாரி டிரைவர், அவனும் சொல்ல மாட்டான். எங்கள் தெருவின் பின்பக்கம் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதன் மூன்றாவது படப்பிடிப்புத் தளத்தில் ஒரு மாமியார் மருமகள் சீரியலுக்காக வீடு ஒன்று போட்டோம். போட்டோம் என்றால் ஹால், பூஜை அறை, மாடிக்குப் போகாத மாடிப்படி, சமையலறை எல்லாம் பிளைவுட்டில். நான் அதில் செட் அசிஸ்டென்ட். பதினேழு வயதில் பிளைவுட் தூக்க வந்தவன்; படிப்பு ஏறாதவன், செட்டுச் சுவர்களில் பெயின்ட்டுக்கு அடியில் ஒட்டுகிற பழைய செய்தித்தாள்களை ஒட்டுவதற்கு முன் எழுத்துக்கூட்டிப் படித்தே படிக்கக் கற்றவன்; நாற்பது வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, ஒரு படத்திலாவது "கலை: தணிகாசலம்" என்று என் பெயர் தனியாக வர வேண்டும் என்பது.

செட்டுச் சமையலறையில் குழாய் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. பிளைவுட் சுவரில் குழாயை இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குவோம், சுவருக்குப் பின்னால் சாரம் கட்டி அதன்மேல் ஒரு டிரம் ஏற்றி, அதிலிருந்து ஹோஸ் இழுத்துக் குழாயின் பின்வாயில் சொருகுவோம். நடிக்கிறவர் திறந்தால் தண்ணீர் விழும். சமையலறைக் காட்சி முதலில் எடுத்த அன்றைக்கு ஆர்ட் டைரக்டர் பெஞ்சமின் சார் காலையிலேயே என்னிடம் "டிரம்மை மறந்துடாதே" என்று சொன்னார், நானும் "மறப்பேனா சார்" என்று சொன்னேன், டைல்ஸ் மாதிரி அச்சடித்த காகிதத்தை முக்குக்கு முக்கு பொருத்தி ஒட்டிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

டைரக்டருக்கு அப்போது இரண்டு சீரியல்கள், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். "பவுனு, நீயே ஆரம்பிச்சுடு" என்று போன் வந்தது. பவுன்ராஜ் அண்ணன் தேனிப் பக்கத்துக்காரர், பத்தொன்பது வருஷமாக உதவி, துணை, இணை என்று டைரக்டர் என்ற சொல்லுக்கு முன்னால் வருகிற எல்லாச் சொற்களையும் பார்த்துவிட்டவர், அந்தச் சொல்லைத் தனியாக மட்டும் பார்க்காதவர். மற்றவர்கள் சொல்லக் கேட்டே காது காய்த்துப்போன இன்னொரு வார்த்தையை அன்றைக்குத்தான் அவர் தன் வாயால் சொன்னார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துவிட்டு, "ஆக்‌ஷன்" என்றார்.

மாமியாராக நடித்த வத்சலகுமாரி அம்மா கத்தரிக்காயைக் கையில் எடுத்துக் குழாயைத் திறந்தார்கள். அப்போதுதான் எனக்கு டிரம் ஞாபகம் வந்தது. தண்ணீர் விழுந்தது. நல்ல தண்ணீர், பென்சில் பருமனுக்கு, சத்தத்தோடு. பவுன்ராஜ் அண்ணன் "கட்" என்றதும் நின்றது.

நான் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூ முனைகள் பிளைவுட்டைத் துளைத்து நீட்டிக்கொண்டிருந்தன. வேறு ஒன்றும் இல்லை. சாரம் இல்லை, டிரம் இல்லை, ஒரு பல்லி மட்டும் இருந்தது. பெஞ்சமின் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"சார், பின்னாடி டிரம் வைக்கல. மறந்துட்டேன்."

"தண்ணி வருதுல்ல?"

"வருது சார்."

"அப்புறம் என்னய்யா? போய் அடுத்த சீனுக்கு ஸ்கிரீன் துணி மாத்து."

இப்படியாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. சினிமாத் தொழிலில் எதுவும் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, நேரத்துக்கு வந்ததா என்றுதான் கேட்பார்கள். மத்தியானத்துக்குள் மெஸ்காரர்கள் ஒரு அண்டாவைக் கொண்டுவந்து சிங்க்குக்குக் கீழே வைத்துவிட்டார்கள், சாயங்கால டீ அந்தத் தண்ணீரில் போட்டது, லைட்மேன்கள் குடித்துவிட்டு இவ்வளவு நாளாக இந்த டீத்தூளைத் திட்டியது தப்பு என்று சொல்லி மெஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

மறுநாள் டைரக்டர் வந்து உட்கார்ந்து "ஆக்‌ஷன்" என்றார். குழாய் வறண்டு கிடந்தது. மறுபடியும் சொன்னார், இன்னும் உரக்கச் சொன்னார், இங்கிலீஷில் கெட்ட வார்த்தை சேர்த்தும் சொன்னார். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பவுன்ராஜ் அண்ணன் விளையாட்டாக அங்கிருந்தே சொன்னார், தண்ணீர் கொட்டியது. டைரக்டருக்கு முதலில் முகம் சுண்டியது. பிறகு யோசித்துப் பார்த்து, "சரி, சமையல்கட்டு சீன் எல்லாம் பவுனு எடுக்கட்டும்" என்று காரில் ஏசி போட்டுத் தூங்கப் போனார், அந்தத் தூக்கம் அவருக்குப் பிடித்துப்போனது. சவுண்ட் இன்ஜினீயர் பவுன்ராஜ் அண்ணன் குரலை டேப்பில் பதிந்து குழாய்க்குப் போட்டுக் காட்டினார். அது மூன்று முறை இருமிவிட்டு ஒரு ஸ்பூன் துருவைத் துப்பியது. ஒருநாள் ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் அறையில் போன் வந்து ஓடிய அண்ணன், யாரோ ஒரு பெரிய டைரக்டர் கோபத்தில் "கட்! கட்! கட்!" என்று கத்தியதைப் போனில் நடித்துக் காட்டினார், மூன்றாம் தளத்தில் அந்த நொடியே தண்ணீர் நின்றது. தூரம் ஒரு பொருட்டில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர் ஆக்‌ஷன் சொல்லிக் கட் சொல்லாத வரைக்கும் அது மற்ற குழாய்களைப் போல ஒரு குழாய், திறந்தால் வரும், மூடினால் நிற்கும். கட் சொல்லிவிட்டால் வெறும் செட் பிராப்பர்ட்டி.

செய்தி காம்பவுண்டுச் சுவரைத் தாண்ட ஒருநாள் ஆனது. தாண்ட வைத்தது நான்தான். என் மனைவி குணவதி விடியற்காலையிலிருந்து லாரிக்குக் காத்திருந்து வெறும் குடத்தோடு திரும்பி, கரித்துணியை உதறுவதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் ஸ்டூடியோவின் பின்கேட்டில் தோட்டக்காரன் தெரு முழுக்க நின்றது, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள், முன்னால் என் மனைவி.

புரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டபாணி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "யூனியன் கார்டு இல்லாதவங்க ஃப்ளோருக்குள்ள வரக்கூடாதும்மா. ரூல்."

"நாங்க எங்க வரோம்?" என்றாள் குணவதி. "தண்ணியைத்தான் வெளிய வரச் சொல்றோம். அதுக்குக் கார்டு இருக்கா?"

கோதண்டபாணி யூனியனுக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலம் யூனியனில் இதற்கென்றே கூட்டம் போட்டார்கள். குழாய் சுவரில் இருப்பதால் அது ஆர்ட் டிபார்ட்மென்ட் என்று நாங்களும், தண்ணீர் யூனிட்டுக்குப் பயன்படுவதால் புரொடக்‌ஷன் என்று அவர்களும், சுவிட்ச் போட்டது மாதிரி வந்து நிற்பதால் தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று எலெக்ட்ரீஷியன்களும் மூன்று மணிநேரம் பேசினார்கள். தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. கடைசியில் குழாய் ஆர்ட், தண்ணீர் புரொடக்‌ஷன், திறப்பது நடிகை, என்று முடிவாகி எல்லாரும் வடை சாப்பிட்டுவிட்டு எழுந்தோம். நான் சிங்க்கின் அடியில் ஒரு ஹோஸை மாட்டி, பிளைவுட்டைத் துளைத்து, தளத்தின் பின்கதவு வழியாகப் பின்கேட்டு வரைக்கும் இழுத்தேன். உள்ளே வரவேண்டிய ஹோஸை மறந்தவன், வெளியே போகவேண்டியதை மறக்கவில்லை.

இனி ஒரு ஷாட் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு தண்ணீர். ஒரு குடம் நிறைய ஒரு நிமிஷம் ஆகும். சீரியலில் எந்த வசனமும் ஒரு நிமிஷம் தாங்காது. பவுன்ராஜ் அண்ணன் யோசித்து, வசனம் முடிந்த பிறகும் கேமராவை ஓடவிட்டு, வத்சலகுமாரி அம்மா முகத்துக்கு மெல்ல நெருங்கச் சொன்னார். அப்போதெல்லாம் குரல் பிறகுதான் சேர்ப்பார்கள், அதனால் ஷாட் ஓடும்போது யார் என்ன பேசினாலும் குற்றமில்லை. பின்கேட்டிலிருந்து என் மனைவியின் குரல் தகரக் கூரையில் மோதி உள்ளே வரும்: "அண்ணே, இன்னும் ரெண்டு குடம்!"

"அம்மா, இன்னொரு தடவை அதிர்ச்சி அடைங்க" என்பார் பவுன்ராஜ் அண்ணன்.

"இப்பத்தானே தம்பி அடைஞ்சேன். மறுபடி எதுக்கு?"

"ரெண்டு குடத்துக்கும்மா."

அந்த அம்மாவும் கண்ணை விரித்து, கத்தரிக்காயை நழுவவிட்டு, இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை, நேராக ஒருமுறை அதிர்ச்சி அடைவார்கள். கல்யாணச் சீசனில் மூன்று போதாமல் ஐந்து தடவை அடைந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது பிடித்துப்போனது. வசனம் பேசாமல் அந்த அம்மா நிற்கிற நேரத்தில் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பெண்கள் சொன்னார்கள். மற்ற சீரியல்காரர்களும் இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று எண்ணி மூன்று மூன்று தடவை அதிர்ச்சி வைக்க ஆரம்பித்தார்கள், பாவம், அவர்கள் குழாயில் டிரம் தண்ணீர்தான் வந்தது. கதை இலாகாவில் எல்லாக் காட்சியையும் சமையலறைக்கு மாற்றினார்கள். அந்த வீட்டில் நிச்சயதார்த்தம் சமையலறையில் நடந்தது. போலீஸ் வந்து கைது செய்ததும் சமையலறையில்தான், இன்ஸ்பெக்டர் முதலில் கை கழுவினார்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு யூனியன் விடுமுறை, கேமரா கிடையாது. அன்றைக்கும் பவுன்ராஜ் அண்ணன் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு லுங்கியில் வருவார், இருட்டான தளத்தில் யாருமில்லாத சமையலறையைப் பார்த்து ஆக்‌ஷன் சொல்லிவிட்டு, நாங்கள் குடம் பிடித்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து தன் படத்தின் கதையை எனக்குச் சொல்வார். வால்பாறை மலைப்பாதையில் ஓடுகிற கடைசி பஸ்ஸின் கண்டக்டர் கதை. எனக்கு அது மனப்பாடம். "அந்தப் பஸ் ஸ்டாண்டை நீதான்டா போடற. ஆர்ட் டைரக்‌ஷன் தணிகாசலம், தனிக் கார்டு" என்பார். குளிர்ந்த தண்ணீர் ஹோஸில் ஓடுகிற சத்தத்தோடு அதைக் கேட்பது எனக்கு நன்றாக இருக்கும்.

ஒரு வருஷம் ஓடியது. அடுத்த மார்ச்சில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய இளநீர். பவுன்ராஜ் அண்ணன் எப்போதோ சொன்ன கண்டக்டர் கதை அவருக்குள் ஊறியிருக்கிறது. "கதை நல்லாருக்குங்க. சித்திரை பத்து பூஜை போட்டுரலாமுங்க. பஸ்ஸு நம்முளுதே இருக்குது. ஆனாப் பாருங்க, எனக்கு வைகாசிக்கு மேல தோப்பு வேலை. சித்திரை விட்டா அப்புறம் வேற ஆளத்தான் பார்க்கோணும்" என்றார்.

மூன்றாம் தளத்தில் எல்லாரும் கைதட்டினோம். சால்வை போட்டோம். வத்சலகுமாரி அம்மா தன் கையால் லட்டு ஊட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் எல்லார் கண்ணும் தானாகக் குழாய்ப் பக்கம் போனது. கோதண்டபாணிதான் வாய்திறந்தார், "அப்ப தண்ணி?"

மழைக்காலத்துக்கு இன்னும் ஏழு மாசம் இருந்தது.

தெரு அவரிடம் வந்து கெஞ்சியிருந்தால் அவர் போயிருப்பார், திட்டியிருந்தால் நிச்சயம் போயிருப்பார். எங்கள் தெருப் பெண்கள் அதைவிட மோசமான காரியம் செய்தார்கள். அன்று பிடித்த தண்ணீரில் வீட்டுக்கு ஒரு குடம் என்று எடுத்துக்கொண்டு, சாலிகிராமத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு வரிசையாக நடந்துபோய், வாசலில் இறக்கிவைத்து, "படம் நல்லபடியா ஓடணும் தம்பி, வெளியூர் போறதுக்கு முன்னாடி வீட்ல தண்ணி ரொப்பி வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் அவர் முகம் வீங்கியிருந்தது. "நான் போகலடா தணி. பொள்ளாச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிடப்போறேன்."

என் தனிக் கார்டு சுழன்று தூரப் போவதைப் பார்த்தேன். "அண்ணே, பத்தொன்பது வருஷம்ணே. இருவது ஆகப்போகுது."

"தெரிஞ்சுதான்டா சொல்றேன். அறுபது குடத்தைத் தாண்டித்தான் நான் காலைல பால் வாங்கப் போனேன். ஒரு குடத்தை உதைக்காம போக முடியல."

"எல்லாம் என்னாலதாண்ணே. நான் அன்னைக்கு டிரம்மை வெச்சிருந்தா..."

"வெச்சிருந்தா நான் இந்நேரம் வால்பாறைல இருப்பேன்" என்று சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் ஆக்‌ஷன், கட் இரண்டு மட்டும் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். குணவதி எதிரில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் ஒரு வருஷமாகத் தினமும் அந்த ஹோஸின் முனையைக் கையில் பிடித்திருந்தவள் அவள்தான்.

"ஏங்க, அவர் ஆக்‌ஷன் சொன்னா வருது."

"ஆமா."

"கட் சொன்னாத்தான் நிக்குது?"

"ஆமா."

"அப்ப கட் சொல்லாம போகச் சொல்லுங்க. இதுக்கா சோத்தை ஆறவெச்சீங்க?"

ஒரு வருஷமாக யூனியன், கதை இலாகா, சவுண்ட் இன்ஜினீயர் யாரும் யோசிக்காததை அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் சாப்பிடாமல் சாலிகிராமத்துக்கு ஓடினேன். பவுன்ராஜ் அண்ணன் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் குதிக்கவில்லை.

"அப்ப வால்பாறைலயும் நான் சொல்லக்கூடாது."

"ஆமாண்ணே. அங்க சொன்னாலும் இங்க நின்னுரும். அன்னைக்குப் போன்ல பாத்தோமே."

"என் படத்துல நான் கட் சொல்லக்கூடாது."

"அசிஸ்டென்ட் யாராவது சொல்லட்டும்ணே. என்ன இப்ப?"

"டே, ஆக்‌ஷன் எவன் வேணா சொல்லலாம்டா. வரிசைல நிக்கறவன்கூடச் சொல்லுவான். கட்டுதான் டைரக்டர். நல்லா வந்துருச்சு, இது போதும், இதுக்குமேல வேணாம்னு ஒருத்தனுக்கு மனசுல தெரியுதே, அவன் சொல்ற சொல்லு அது. அதுக்குத்தான் நான் பத்தொன்பது வருஷம் நின்னேன்." வாசலில் இருந்த குடங்களைப் பார்த்தார். "சரி. அடுத்த படத்துல சொல்லிக்கறேன்."

சித்திரை ஒன்பதாம் தேதி காலையில் மூன்றாம் தளத்தில் அவருடைய கடைசி ஷாட். படப்பிடிப்பு முடிந்தால் பூசணிக்காய் சுற்றி உடைப்பது எங்கள் தொழிலில் வழக்கம், உடைத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. கோதண்டபாணி பழக்கதோஷத்தில் கற்பூரத்தோடு ஒரு பூசணிக்காயை வாங்கி வைத்திருந்தார். முடியக்கூடாத ஷாட்டுக்கு எதற்குப் பூசணிக்காய் என்று குணவதி அதைப் பிடுங்கிப் பின்கேட்டு வழியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கும் தெருவுக்கும் ஃப்ளோருக்குள் வர அனுமதி, கார்டு யாரும் கேட்கவில்லை. பவுன்ராஜ் அண்ணன் முதல்நாள் போலவே நின்றுகொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்து, "ஆக்‌ஷன்" என்றார். வத்சலகுமாரி அம்மா குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் விழுந்தது. வசனம் முடிந்தது, அண்ணன் வாய் தன்னையறியாமல் திறந்தது, தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்தது, அவர் கையை வைத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அப்படியே பின்பக்கமாக நடந்து, கேமராவைத் தாண்டி, ட்ராலித் தண்டவாளத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி வெளியே போனார். ஆட்டோ காத்திருந்தது. உள்ளே யாரும் நிறுத்தச் சொல்லாததால் வத்சலகுமாரி அம்மா நின்றுகொண்டே இருந்தார்கள், கேசட் தானாகத் தீர்ந்து நிற்கும்வரை நின்றார்கள், அவ்வளவு நேரமும் அவர்கள் கண்ணிலிருந்து வந்தது கிளிசரின் இல்லை. அந்தச் சீரியலிலேயே நல்ல ஷாட் அதுதான். பூசணிக்காயில் குணவதி மோர்க்குழம்பு வைத்தாள்.

படத்தை முப்பத்தெட்டு நாளில் எடுத்தோம். பஸ் ஸ்டாண்டை நான்தான் போட்டேன், உண்மைப் பஸ்கள் இரண்டு அதில் வந்து நின்று ஆள் ஏற்றப் பார்த்தன. ஆக்‌ஷனை அண்ணன் கம்பீரமாகச் சொல்வார். ஷாட் முடிய வேண்டிய இடத்தில் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, மெதுவாக இறக்கித் தொடைமேல் வைப்பார். வேறு யாரையும் அந்தச் சொல்லைச் சொல்லவிடவில்லை. தான் சொல்ல முடியாததை இன்னொருவன் தன் படத்தில் சொல்வதா என்றார். கேமராமேன் ஒரு கண்ணை லென்ஸிலும் ஒரு கண்ணை அந்தக் கையிலும் வைத்துப் பழகிக்கொண்டார், கை இறங்கும் அழகில் எல்லா ஷாட்டும் கொஞ்சம் நீண்டது. நடிகர்கள் வசனம் முடிந்தும் முகத்தை மாற்றாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படம் மூன்றே கால் மணிநேரம் வந்தது. பன்னிரண்டு நாள் ஓடியது. பொறுமையாகப் பார்த்தால் நல்ல படம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. "கலை: தணிகாசலம்" தனியாக வந்தது, குணவதியும் நானும் அதைப் பார்ப்பதற்காகவே நாலு முறை போனோம், நாலாவது முறை அவள் டைட்டில் முடிந்ததும் தூங்கிவிட்டாள்.

அந்த முப்பத்தெட்டு நாளும் அதற்குப் பிறகும் தோட்டக்காரன் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. சீரியலும் ஓடியது, அதிர்ச்சிக்கும் தண்ணீருக்கும் இப்போது தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஜனங்களுக்குப் பழகிவிட்டதால் வத்சலகுமாரி அம்மா மூன்று தடவை அடைவதை விடவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை வந்தது, வந்தது என்றால் வீட்டுக்குள் வந்தது. பாத்திரங்கள் மிதந்தன. தெரு பின்கேட்டை மறந்தது, தை மாதம் சீரியல் முடிந்தது, செட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். நான் ஸ்க்ரூடிரைவரோடு போய்க் குழாயை மட்டும் நானே கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அன்றே போன் செய்தேன். "அண்ணே, மழை பெஞ்சு தீர்த்துருச்சு. செட்டையும் பிரிச்சாச்சு. இனி நீங்க தாராளமாச் சொல்லலாம்."

"சித்திரை மறுபடி வரும்ல?" என்றார். "இருக்கட்டும்டா. அடுத்த படத்துல சொல்லிக்கறேன்."

அடுத்த படம் வரவில்லை. சொல்லிப் பார்த்துக் காத்திருந்து, மறுபடியும் சீரியலுக்கே இணை இயக்குநராக வந்தார். அங்கே அந்தச் சொல்லைச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் எட்டுப் படங்களுக்குக் கலை செய்தேன், மகன் வேலைக்குப் போனதும் நிறுத்திக்கொண்டேன். குணவதி போய் ஆறு வருஷம் ஆகிறது.

பவுன்ராஜ் அண்ணன் இறந்த அன்று முகலிவாக்கத்தில் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் அவர் மகளிடம் அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார்கள். நானும் கேட்டேன், நான் கேட்டதற்குக் காரணம் வேறு.

"எதுவுமே சொல்லல மாமா" என்றாள் அந்தப் பெண். "வாயைக் கெட்டியா மூடிட்டிருந்தார். தண்ணி வேணுமாப்பான்னு கேட்டேன், வேணாம்னார் கண்ணால. அப்புறம் வலது கையை மேல தூக்கினார். எதுக்குன்னு தெரியல. மெல்ல இறக்கித் தொடைமேல வெச்சுக்கிட்டார், அவ்வளவுதான்."

நான் மின்மயானம் வரைக்கும் போய்விட்டு வீடு திரும்பினேன். சாவு வீட்டிலிருந்து வந்தவன் குளிக்காமல் உள்ளே போகக்கூடாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, குழாயைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

குழாய் கொல்லைச் சுவரில் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கிறது. பின்னால் எதுவும் இல்லை. திறந்தேன், வந்தது, குளித்தேன்.